மகன் பார்த்துக்கொண்ட அம்மா

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி வேர்த்துக்கொண்டே இருந்தது. வடிவு பழைய துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தால் அம்மாவின் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கும். முந்தாநாள் காலையிலிருந்து இதுதான் வேலை.

“தம்பி எங்க வந்துக்கினு இருக்குதாம்?” என்றாள் எதிர்வீட்டுக் காந்தா.

“சுங்குவார்சத்திரம் தாண்டிட்டானாம்.”

“பாவம். அமெரிக்காலேர்ந்து வர்றதுன்னா சும்மாவா? ரெண்டு நாளா பச்சத் தண்ணி பல்லுல பட்டிருக்காது அந்தப் புள்ளைக்கு.”

வடிவின் பல்லிலும்தான் படவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

கார் வந்து நின்றதும் பெண்கள் குரலை உயர்த்தினார்கள். மாணிக்கவேல் ஓடி வந்து விழவில்லை. வாசற்படியில் நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். அழுதுகொண்டேதான் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, “அந்த நாற்காலியெல்லாம் வெளிய போட்டுடலாமா? வர்றவங்களுக்கு அம்மா முகம் தெரியணும். டியூப்லைட்ட நிறுத்திட்டு ஜன்னலத் தொறங்க” என்றான். நான்கு பேர் எழுந்து நாற்காலிகளைத் தூக்கினார்கள். அதே நாற்காலிகளை எடுக்கச் சொல்லி நேற்றெல்லாம் தொண்டை கட்டியவள் வடிவு. ஒருத்தன் அசையவில்லை.

அவன் தொழிலே அதுதான். யார் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எங்கே வெளிச்சம் விழுவது என்று சொல்கிற தொழில். இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு என்று போனவன் பாதியில் விட்டுவிட்டு ஏதோ ஒரு நாடகத் தியேட்டரில் டிக்கெட் கிழித்தான், சீன் தூக்கினான், கூட்டிப் பெருக்கினான். பத்து வருஷம் அவன் பேச்சை எடுத்தாலே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அப்புறம் ஒரு நாடகம் போட்டான். எட்டு ஊரில் ஓடியது. பேப்பரில் படம் வந்தது. இப்போது மினியாபொலிஸில் ஒரு தியேட்டருக்கே அவன்தான் டைரக்டர். அமெரிக்கப் பிரஜை. அங்கே அவனை மேனி என்கிறார்கள்.

அந்த நாடகம் அம்மா தில்லையம்மாளைப் பற்றியது. காஞ்சிபுரத்தில் இடுப்பொடிந்து படுத்துக் கிடக்கும் ஒரு தாய். அதை எழுதுவதற்காக ஏழெட்டு மாசம் ஞாயிறு தவறாமல் வடிவுக்குப் போன் செய்தான். அம்மாவை எப்படிப் புரட்டுவே? வலிச்சா என்ன திட்டுவாங்க? தலை குளிப்பாட்டும்போது கழுத்தை எப்படிப் பிடிப்பே? தம்பிக்குத் தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். புரட்டும்போது போனை நிமிர்த்தி வைத்து வீடியோ எடுத்தும் அனுப்பினாள். நாடகம் போனில் வந்தது. மெக்சிகோக்காரக் கிழவி ஒருத்தி சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு அம்மாவாகப் படுத்திருந்தாள். அவளைப் புரட்டி, துடைத்து, கால் பிடித்து, கஞ்சி ஊட்டியவன் மகன். அந்தத் தாய்க்கு ஒரே பிள்ளை. மகளே கிடையாது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

“எனக்கு இம்மாம் பெரிய மூக்காடி?” என்று அம்மா சிரித்தாள். தினமும் போட்டுக் காட்டச் சொன்னாள். ஒருநாள் அவளுக்கு மலத்துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, மார்மேல் போனை வைத்துக்கொண்டு, “என் புள்ள என்ன எப்டி பாத்துக்கினான் பாருடி” என்றாள். வடிவு கையில் துணியோடு நின்றாள். கடைசி வருஷத்தில் புத்தி கொஞ்சம் தடுமாறியது. கூரம் கிராமத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம், “மாணிக்கம்தான் எல்லாம் செய்யறான். இவ கம்பெனிக்குப் போயிடுவா” என்று சொன்னாள். அது பொய்யும் இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வடிவுக்கு நைட் ஷிஃப்ட். அவளைக் கட்டியவன் வாலாஜாபாத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான். வேறு யார் சோறு போடுவது?

குளிப்பாட்ட எடுத்தார்கள். மாணிக்கவேல் முன்னால் வந்தான். இடது உள்ளங்கையைப் பின்கழுத்தில் கொடுத்துத் தலையைத் தூக்கி, நகம் படாமல் விரல் நுனியால் சீயக்காய் தேய்த்தான். காதுக்குள் தண்ணீர் போகாமல் மடலை மடித்துப் பிடித்தான். அப்படியே வடிவின் கை.

“எங்க இருந்தாலும் பெத்தவள மறக்கல பாருடி,” என்று காந்தா மூக்கைச் சிந்தினாள். “பெத்தா இப்டி ஒண்ண பெக்கணும்.”

வடிவு கையிலிருந்த குடத்தை நங்கென்று வைத்தாள்.

புதுப்புடவை சுற்றி, பொட்டு வைத்து, கிடத்தினார்கள். மாணிக்கவேல் மண்டியிட்டு அம்மாவின் இடது காதில் வாய் வைத்து நெடுநேரம் என்னவோ சொன்னான். கூடம் முழுக்க விம்மியது. காரியம் செய்ய வந்த அப்பாதுரைகூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடது காது பன்னிரண்டு வருஷமாகச் செவிடு. வலது காதில் பேசினால்தான் அம்மாவுக்குக் கேட்கும். வடிவு போனில் சொல்லியிருந்தும், ஜனங்களுக்கு முகம் தெரிய வேண்டும் என்று நாடகத்தில் இடது காதுக்கு மாற்றிக்கொண்டான். மாற்றினது அவனுக்கே மறந்துவிட்டது. அந்த வீட்டில் அது செவிட்டுக் காது என்பது வடிவு ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டு நாளில் முதன்முறையாக அவளுக்கு மனசு குளிர்ந்தது.

“போதும் தம்பி, பொழுது சாயுது,” என்றார் அப்பாதுரை. “கொள்ளிச்சட்டியக் கையில வாங்கு. நடந்துக்கினே இரு. திரும்பிப் பாக்காத.”

அவன் சொன்னபடி செய்தான். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள்.

வடிவு வீட்டைக் கழுவிவிட்டாள். கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தாள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக மாணிக்கவேல் திரும்பி வந்தபோது சொந்தமெல்லாம் பஸ் பிடிக்கப் போய்விட்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“அக்கா, கடைசில எப்டி இருந்துச்சு?”

வடிவு தரைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். “எது?”

“அம்மா போனது. நாடகத்த செப்டம்பர்ல மறுபடி போடறாங்க. கடைசி சீன் நானா எழுதினது. இனிமே அத அப்டியே வெக்க முடியாது.”

“அதுக்குத்தான் கேக்கறியா?”

கொஞ்சம் யோசித்தான். “அதுக்கும்தான்.”

முந்தாநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் அவளைப் பூக்கடைச் சத்திரத்தில் இறக்கிவிட்டது. வெளியே போட்டிருந்த பூட்டைத் திறந்து உள்ளே போனாள். அம்மா விறைத்திருந்தாள். தண்ணீர் டம்ளர் கட்டிலடியிலிருந்து கதவுவரை உருண்டு கிடந்தது. கடைவாயில் எறும்பு. வடிவு எறும்பைத் துடைத்தாள், தாடையைக் கட்டினாள், டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள், புடவை மாற்றினாள். அதற்கப்புறம்தான் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“நான் பக்கத்துலதான் இருந்தேன்,” என்றாள்.

“வேலைக்குப் போவலியா அன்னிக்கு?”

“மனசு சரியில்ல. லீவு போட்டேன்.”

காந்தா இரண்டு டம்ளரில் காப்பியோடு உள்ளே வந்தாள். அம்மா போவதற்கு முந்தின சாயங்காலம் வடிவு பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனதை எதிர்வீட்டு வாசலிலிருந்து பார்த்தவள் அவள். வடிவு அவளை நேராகப் பார்த்தாள். காந்தா டம்ளர்களைத் தரையில் வைத்தாள். ஒன்றை வடிவின் பக்கம் நகர்த்தினாள். வெளியே போனாள்.

“ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க,” என்றாள் வடிவு. குரல் தானாக வந்தது. “அப்பறம் மூச்சு வாங்குச்சு. என் கையப் புடிச்சிக்கினாங்க. உடவே இல்ல.”

“ஏதாவது சொன்னாங்களா?” அவன் காப்பியைத் தொடவில்லை. “என்னப் பத்தி?”

வடிவு பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்கள்.

“இல்ல. உன் பேர எடுக்கவே இல்ல. வடிவு, வடிவுன்னாங்க.”

மாணிக்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். மொட்டையில் ஒரு இடத்தில் கத்தி பட்டு ரத்தம் காய்ந்திருந்தது. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. கூடத்தை அளந்துகொண்டிருந்தது.

“அப்ப அந்த சீன்ல ஒரு மகள் வேணும்,” என்றான் மெதுவாக. “எங்க உக்காந்திருந்த? காட்டுக்கா.”

வடிவு தரைத்துணியைப் பக்கெட்டில் போட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு விளக்கு ஓரமாகப் போய் மண்டியிட்டாள். கையை நீட்டினாள். எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கினாள்.

“கொஞ்சம் இப்டித் திரும்பு.”

திரும்பினாள். ஈரத்தரையில் புடவை முழங்காலோடு ஒட்டிக்கொண்டது.