வெந்நீர் அடுப்பில் டாங்கிகள்

பீரங்கிக் குழாய் அடுப்பு வாயில் இடித்துக்கொண்டு உள்ளே போக மறுத்தது. ரிஸ்வானா அதை ஒடித்து, டாங்கியோடு சேர்த்து விறகுக்கு அடியில் தள்ளினாள். மேலே அண்டாவில், இறந்துபோன கணவன் இத்ரீஸின் மையத்தைக் குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது.

விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அழ வேண்டியவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கோயம்புத்தூரில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் போலீஸ் வீடு வீடாக நுழைந்து பரணைக்கூட விடாமல் பார்த்துவிட்டுப் போயிருந்தது. இங்கே மாடி அலமாரி முழுக்க டாங்கி, ஜீப், பீரங்கி வண்டி. துபாயில் வேலை பார்த்தபோது பெட்டி பெட்டியாக வாங்கி வந்த பிளாஸ்டிக் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டி, சேறு அப்பியதுபோல் சாயமும் பூசி, மனுஷன் ஒரு யுத்தத்தையே மாடியில் நிறுத்தி வைத்திருந்தார்.

தேனியிலிருந்து உறவுக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் மாடியேறாமல் இருப்பார்களா? முல்லையாற்றில் போடலாமென்றால், மையத்து வீட்டிலிருந்து பெண்பிள்ளை எப்படி வெளியே போவது? கண்ணில் பட்டது கொல்லை அடுப்புதான். பிளாஸ்டிக் விறகுபோல எரியாது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. கரும்புகை சுருண்டு சுருண்டு எழுந்து தெருவுக்கே தெரிந்தது.

கொழுந்தன் நசீம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"என்ன மைனி பண்றீக? அண்ணனக் குளிப்பாட்டுற தண்ணியில இந்த நாத்தமா?"

"மெதுவாப் பேசு. அவுக செஞ்ச வண்டிகதான். போலீசு பாத்தா என்னன்னு சொல்லுவ?"

"பொம்மைன்னு சொல்லுவேன்! எடுத்துக் காட்டுனா தீந்துச்சு. இப்ப எதக் காட்ட?"

அதற்குள் தெருமுனையில் காவலுக்கு நின்ற போலீஸ் ஏட்டு புகையைப் பார்த்துச் சந்து வழியாகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"துக்க வீட்டுல கேக்கக் கூடாது. என்னம்மா எரியுது?"

"பிள்ளைக விளையாட்டுச் சாமான்யா," என்றாள் ரிஸ்வானா.

"எத்தன பிள்ளைக?"

அவளுக்குப் பிள்ளை கிடையாது.

"அவுகதான்யா செஞ்சாக. சின்னச் சின்ன வண்டி. சண்டையில ஓட்டுற வண்டி." சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

"என்ன வண்டி? பேரு இருக்கும்ல?"

ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. எந்த நாட்டு வண்டி, எந்தச் சண்டையில் ஓடியது என்று சோறு ஆறும்வரை இத்ரீஸ் சொல்வார். அவள் உம் கொட்டிக்கொண்டே மறுநாள் குழம்பைப் பற்றி யோசிப்பாள். இப்போது ஒரு பெயர்கூட நாக்கில் வரவில்லை. ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கக் கூடாதா, பாவி, என்று மனசு அடித்துக்கொண்டது.

ஏட்டு குச்சியால் அடுப்பைக் கிளறினார். கறுத்து உருகிய கட்டி ஒன்று வந்தது. வண்டிக்கு ஏரியலாக இத்ரீஸ் நட்டு வைத்த மெல்லிய கம்பி அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஆற்றி, ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போட்டுக்கொண்டார்.

"அடக்கத்த முடிங்க. நாளைக்கு இந்தத் தம்பி ஸ்டேஷனுக்கு வரட்டும்."

அண்டாத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு காய்ச்சினார்கள். மாலை அஸர் தொழுகைக்கு மையத்தைச் சுமந்த சந்தூக்கு கிளம்பியது. பெண்கள் வாசலோடு நின்றார்கள். முன்பிடியைத் தோளில் தாங்கிய நசீம் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே போனான். கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஏட்டு தன் எம்-எய்ட்டி வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். கைப்பிடியில் அந்தப் பை ஆடிக்கொண்டிருந்தது.