மூன்றில் ஒன்று

ஆயுத பூஜை அன்று பகலில் வலியுல்லாவை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அனலாகக் காய்ச்சல், நினைவில்லை. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, உடனே ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர் ஸ்ரீவத்சன்.

"போன வாரம் உங்க அடையார் பிராஞ்சுல ஒரு ஊசி போட்டு மூஞ்செல்லாம் வீங்கிப்போச்சு டாக்டர்," என்றாள் மனைவி நஸ்ருன்னிசா. "பேரு தெரியாது. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்னாங்க."

கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

அதைப் பார்த்துக்கொள்ளும் ஷீலா ஓடி வந்தாள். ராயப்பேட்டை, அடையார், தி.நகர், மூன்று கிளையிலும் ஒவ்வொரு சர்வர். நோயாளியின் குறிப்பு மூன்றுக்கும் போகும். குறைந்தது இரண்டு ஓடினால்தான் திறக்கும். தனியாக நிற்கும் ஒன்றுக்குத் தன்னிடம் இருப்பது புதிதா பழசா என்று தெரியாது.

"மூணுல ஒண்ணு நின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்று எல்லாக் கிளைக்கும் அவள்தான் சொல்லியிருந்தாள். அந்த ஒன்று தங்களுடையது என்று அடையாரும் எடுத்துக்கொண்டது, தி.நகரும் எடுத்துக்கொண்டது. லீவு நாள். சந்தனம், குங்குமம் வைத்து இரண்டையும் அணைத்துவிட்டார்கள்.

"இங்க இருக்கிறதையாவது திறங்க!" டாக்டர் கத்தினார்.

கட்டாயப்படுத்தித் திறக்கலாம். ஒரு கட்டளை போதும். ஆனால் ராயப்பேட்டையின் இன்டர்நெட் லைன் போன வாரம் முழுக்க அறுந்து கிடந்து, மற்ற இரண்டும் அணைந்த பிறகு அன்றுதான் சரியானது. விட்டுப்போனது எதுவும் இங்கே வந்து சேரவில்லை.

"இது பழசு சார். ஒவ்வாமை இல்லைன்னுதான் காட்டும். நம்பிப் போட்டா ஆளு போயிடுவாரு."

"போடாட்டியும் போயிடுவாரு."

தி.நகரில் யாரும் போனை எடுக்கவில்லை. அடையாரில் வாட்ச்மேன் துரைராஜ் எடுத்தார்.

"இன்னா மேடம், படைச்சு வச்சிக்கீது. நாளிக்குத்தான தொடணும்? சாமி குத்தமாயிடும்."

"குத்தம் எனக்கு வரட்டும்ணே. இங்க ஒரு உசுரு போவுது. பட்டனை அமுக்குங்க."

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அமுக்கிட்டேன். உர்ருங்குது."

நஸ்ருன்னிசா கணவனின் காலைப் பிடித்தபடி நின்றாள். திரை திறந்தது. டாக்டர் மருந்தின் பெயரைப் படித்தார். தட்டில் எடுத்து வைத்திருந்த குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்று கேட்டார். ஊசி ஏறியது. நஸ்ருன்னிசா பிடித்த காலை விடவில்லை.

"மேடம், வேலை ஆயிடுச்சா? ஆஃப் பண்ணிடட்டா?" போனில் துரைராஜ்.

"வாணாம்ணே! இதுவும் நின்னா மறுபடி திறக்காது. யாரையும் கிட்ட விடாதீங்க," என்றாள் ஷீலா. தி.நகர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வெளியே ஓடினாள்.