கலைமகளின் பக்கம்

பூபாலன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பியபோது அதில் ஜோதிகாவின் வலைப்பூ திறந்திருந்தது. அவள் நேர்காணலுக்கு வந்திருந்த பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவர் அவர்தான். விண்ணப்பத்தின் அடியில் வலைப்பூவின் முகவரியைச் சேர்த்தபோது யாராவது படிப்பார்கள் என்று அவள் நம்பவில்லை. வேலம்பாளையத்துச் சின்னக் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக நின்றுகொண்டே பனியன் செக்கிங் பார்ப்பவள். தபால் வழியில் வாங்கிய பி.காம். பட்டத்தைவிட, பஸ்ஸில் போகும்போது செல்போனில் தட்டித் தட்டி எழுதிய அந்த நாற்பது பதிவுகள்தான் தன்னைச் சரியாகச் சொல்லும் என்று தோன்றியிருந்தது.

“அத்தனையும் படிச்சனுங்க. நெசமாலுமே நல்லா எழுதறீங்க,” என்றார். “நம்மகிட்ட சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்குத் தொழிலாளர் நலன் பத்தி ரிப்போர்ட் எழுதோணும். உக்காந்து செய்யற வேலைதானுங்க.”

உட்கார்ந்து. அந்தச் சொல் கெண்டைக்கால் வரை இறங்கியது. நரம்பு புடைத்துச் சுருண்ட கால்கள். இனிமேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. சொன்ன மறுநாளும் நின்றாள்.

“ஒன்னே ஒன்னுங்க,” என்று மவுஸை உருட்டி ஒரு பதிவில் நிறுத்தினார். ‘கலைமகள்’ என்பது தலைப்பு. “இதைய மட்டும் எடுத்துப்போடுங்க.”

கலைமகள் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள். போன ஆடியில் மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தாள். ஷிப்மெண்ட் முடியட்டும் என்று சூப்பர்வைசர் லீவு தரவில்லை. நான்காம் நாள் துணிக் குவியல்மேல் சாய்ந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து ஜோதிகாதான் தோளைத் தட்டினாள். உயிர் போயிருந்தது.

“சார், அதுல எந்தக் கம்பெனி பேரும் இல்லயே.”

“இல்லீங்க. ஆனா வேலம்பாளையம்னு போட்டிருக்கீங்க. அங்க சின்னக் கம்பெனிகள்ல நம்ம ஆர்டர் ஓடறது பையருக்குத் தெரியுமுங்க.” குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் டீ சொன்னார். “யோசிச்சுச் சொல்லுங்க. வெளிய இன்னும் ரண்டு பேரு இருக்காங்க.”

யோசித்தால் எழுந்து போய்விடுவோமோ என்று பயந்தாள். டீ வருவதற்குள் போனை எடுத்து அவர் எதிரிலேயே நீக்கினாள். நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. அதையும் அழுத்தினாள். நகல் எடுத்து வைக்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம், ‘நோயுற்ற தொழிலாளர்களுக்குக் கேட்டவுடன் விடுப்பு வழங்கப்படுகிறது’ என்று தட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கலைமகளின் அம்மா ஒச்சம்மாள்.

“தாயி, புள்ளயப் பத்தி நீ எழுதுனது தெறக்கவே மாட்டேங்குது. வெள்ளிக்கிழமையானா இவுக வாசிப்பாக, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்ப என்னமோ இங்கிலீசுல வருது.”

“நெட்டு கோளாறா இருக்கும் அத்த.”

“எப்பச் சரியாகும்?”

ஜோதிகா திரையில் பாதியில் நின்ற வாக்கியத்தை மூடினாள்.

“அதுக்கென்ன, நீ எழுதுனதுதான? மனசுல இருக்குமுல்ல. நீயே சொல்லு தாயி. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கலைமகளின் அப்பா அழகுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்கு அருகில் வந்து உட்கார்ந்தார் போலிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பூபாலன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜோதிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, முதல் வரி என்னவென்று தேடினாள்.

“கலைமகள்…” என்றாள்.

“ம்,” என்றார் அழகுமலை.