சனிக்கிழமை விருந்து

...இருபத்தாறு பேர் என்றால் மூன்று மேசையை ஒட்டிப் போட்டுச் சமாளித்துவிடலாம், இருபத்தேழு என்றால்தான் தகராறு, அந்த ஒருத்திக்காக வராந்தா பெஞ்சை உள்ளே இழுக்க வேண்டும், பெஞ்சில் உட்காரச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத ஆள் இந்தக் குடும்பத்தில் யார்? பெரியவள் டியூட்டி சார்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக வார்டில் செய்கிற வேலைதான், எந்தக் கட்டிலை எதன் பக்கத்தில் போடக் கூடாது, இருமுகிறவரை எங்கே தள்ளுவது, அழுகிறவரை எங்கே ஒதுக்குவது... ஒரு ஹெட் நர்ஸுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டாகிவிட்டது, சனிக்கிழமை சாயங்காலம் மொத்தப் பட்டாளமும் வந்து இறங்கும், வருடா வருடம் அவள் வீட்டில்தான், அவள் கைச் சமையல்தான். இந்தத் தடவை பல் டாக்டரும் வருகிறான், புதுப் பெண்டாட்டியோடு. தங்கையை விட்டவன்... இல்லை, தங்கைதானே அவனை விட்டாள், டாக்டர் பெண்டாட்டியாக நிம்மதியாக இருக்கத் தெரியாமல் டவுன் பஸ் ஓட்டப் போனவளை என்னவென்று சொல்வது? அதற்காக அவனை விட்டுவிட முடியுமா, குடும்பத்தில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவன் கட்டிய பல், அவனைக் கூப்பிடாமல் இவர்கள் எதை வைத்து மெல்வார்கள்?

"அத்தை, சின்னத்தையை எங்க உக்கார வைக்கறது?" கிளாஸ்களைத் துடைத்தபடி மருமகள் கேட்டாள். "அவளுக்கு அன்னிக்கு டியூட்டியாம்," பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, மருமகள் "அப்படியா" என்றாளே தவிர தலை நிமிரவில்லை. பாவம்தான், சின்னவள்... என்ன பாவம்? நாலு வருடம் அம்மாவைத் தூக்கித் திருப்பிக் குளிப்பாட்டி முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது யார், கடைசி நாளன்று அம்மா கண்ணைத் திறந்து இவள் முகத்தை நேராகப் பார்த்து, "நீ இல்லடி, சின்னவளைக் கூப்பிடு" என்றாளே, நீ இல்லடி... கூப்பிடத்தான் செய்தாள், ஆனால் உடனே இல்லை, விரிப்பை மாற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னல் திரையைச் சரி பண்ணி, ஒரு மணி நேரம் கழித்து. தங்கை ஓடி வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. அம்மா இப்போதுதான் உன்னைக் கேட்டாள் என்று சொன்னதை அப்படியே நம்பி அக்கா தோளில் சாய்ந்து அழுதாள், எதைச் சொன்னாலும் நம்புகிறவள், அந்தத் தோளை அன்றைக்கே உதறியிருக்க வேண்டும்...

போன் அடித்தது, அவளேதான். பின்னால் டிப்போவின் இரைச்சல். "அக்கா, விருந்துக்கு நான் என்ன கொண்டு வரட்டும்?" வேலை இருக்கிறது, இடமில்லை, அவன் வருகிறான், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஒண்ணும் வேணாம், நீ வந்தா போதும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு." ஞாயிறு! மேசைகளை மடக்கியிருக்கும், பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும், வாசலில் நல்ல புடவையோடு வந்து நிற்பாள், ஐயோ நாளைத் தப்பாக் கேட்டுக்கிட்டியாடி என்று கன்னத்தில் கை வைத்தால் தீர்ந்தது... நினைக்கும்போதே நாக்கில் இனித்தது. "சரிக்கா," என்றாள் தங்கை, "ஞாயித்துக்கிழமைன்னே வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கலாம்னா?"

"எனக்கும் அதாங்க்கா சௌகரியம். வருஷா வருஷம் நீ வருத்தப்படுவியேன்னுதான் வந்துட்டிருந்தேன். நீ ஒத்தையா எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதே, உடம்பைப் பாத்துக்க." வைத்துவிட்டாள். அழுகை இல்லை, கோபம்கூட இல்லை, மாட்டேன் என்று சொல்ல முடியாத வேலையிலிருந்து லீவு கிடைத்தவளின் குரல்... வருத்தப்படுவியேன்னு? யார் வருத்தப்பட்டது? அது கிடக்கட்டும், சனிக்கிழமை என்று அவளுக்கு யார் சொன்னது, பெரியவள் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து பென்சில் நுனியை நகர்த்தினாள், பெரிய மாமா, ஓட்டைவாய்ச் சித்தி, தம்பி, தம்பி பெண்டாட்டி, பல் டாக்டர்... அவனேகூட. பெற்ற மகன், கட்டின புருஷன், இதோ முதுகைக் காட்டிக்கொண்டு துடைத்த கிளாஸையே திரும்பத் திரும்பத் துடைக்கிற மருமகள். இருபத்தாறு கட்டம். இவர் சொல்லியிருக்க மாட்டார், இவர் என் பக்கம், என்று ஒரு கட்டத்திலாவது பென்சில் நிற்கும் என்று பார்த்தாள், கீழே வரை வந்துவிட்டது, எங்கேயாவது ஒன்றை விட்டிருப்போம் என்று மறுபடி மேலே போனாள்...