முகம் பார்க்கிற நேரம்

தம்பியின் சவப்பெட்டியை மூட ஞானையா பலகையைத் தூக்கினார். கட்சிச் செயலாளர் தட்சிணாமூர்த்தி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் அவசரம்? தலைவரு டெல்லிலேந்து வந்துகினு கீறாரு. அவரு மூஞ்சி பாக்க வாணாமா?"

"வூட்டு ஆளுங்க முத்தங்குடுத்து இங்கியே மூடிடணும். அதான் எங்க வழக்கம்."

"கல்லறையாண்ட குடுங்களேன். தலைவரு மீனம்பாக்கத்துலேந்து நேரா அங்கதான் வர்றாரு."

எலியேசர் மூன்று தடவை எம்.பி. வெள்ளைக்காரன் காலத்தில் வாத்தியார் வேலையை விட்டு ஜெயிலுக்குப் போனவன், பிறகு டெல்லிக்குப் போனான். அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தால் கூடவே ஒரு கும்பல் வரும். அண்ணனும் தம்பியும் தனியாக உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்றதில்லை. நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் தாங்கியது மனு கொடுக்க வந்தவர்கள்தான். அவன் பெண்டாட்டி ஹில்டா வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா. இவனுங்கள நம்பாத" என்றார் ஞானையா.

ஹில்டா கூடத்தைப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லாமல் ஆம்பளைகள்.

"இருக்கட்டும் அத்தான். அங்க பாத்துக்கறேன்."

பெட்டியைப் பூ ஜோடித்த லாரியில் ஏற்றினார்கள். பாதிரியாரும் ஏறினார். ஹில்டா ஏறப் போனாள். அதற்குள் கரைவேட்டிகள் நிறைந்துவிட்டன.

"பின்னாடி வாங்கக்கா. மெதுவாத்தான் போவோம்" என்றான் ஒருவன்.

குரோம்பேட்டை ரயில்வே கேட்டை லாரி தாண்டியதும் கேட்டைப் போட்டுவிட்டார்கள். பின்னால் நடந்து வந்த ஹில்டாவும் ஞானையாவும் இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். மின்சார ரயில் போனது. கேட் திறக்கவில்லை. கூட்ஸ் ஒன்று ஊர்ந்து வந்தது. அந்தப் பக்கம் மைக்கில் எலியேசரின் தியாகத்தைச் சொல்லிக்கொண்டே லாரி தாம்பரம் பக்கம் திரும்பியது.

"நிக்கச் சொல்லுங்க அத்தான்."

ஞானையா கத்தினார். கூட்ஸ் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் கூட்டம் இல்லை. குழியை மூடியிருந்தார்கள். மண்ணெல்லாம் செருப்புத் தடம். மேலே கட்சியின் மலர்வளையம், வண்டிச் சக்கரம் மாதிரி. குழி வெட்டுகிற சேட்டு மட்டும் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"தலைவருக்கு ப்ளேனுக்கு நேரமாச்சுன்னாங்க சார். அவருதான் மொத மண்ணு போட்டாரு."

"வூட்டு ஆளுங்க எங்கன்னு நீ கேக்கலியா?"

"கேட்டேன். அவங்கல்லாம் வூட்லயே பாத்துட்டாங்கன்னாங்க."



ஹில்டா மண்மேட்டைச் சுற்றி வந்தாள். சிலுவை இன்னும் நடவில்லை.

"தல எந்தப் பக்கம்?" என்று சேட்டுவைக் கேட்டாள்.

அவன் மண்வெட்டியால் காட்டினான். அவள் அங்கே போய் உட்கார்ந்தாள்.