தூங்காத சிப்

...சிப்பைத் தூங்கவைக்கும் அந்த வரியை தேவேந்திரன் அழிக்கக்கூட இல்லை, முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுச் செல்லாததாக்கியிருக்கிறான், நான் லீவில் இருந்த வெள்ளிக்கிழமை தேதியில், ஆனால் புரோகிராமின் தலையில் எழுதியவர் ரத்னா என்று என் பெயர்தான் இன்னும் இருக்கிறது, செங்கல்பட்டில் ரயில் ஏறியதிலிருந்து பிரிண்ட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வருகிறேன். பத்து மணிக்கு மேனேஜர் முன்னால் உட்கார வேண்டும். தேவேந்திரன் நேற்றே முந்திக்கொண்டான், "புரோகிராம் ரத்னாவோடது சார், அவங்களத்தான் கேக்கணும்" என்று, ஆபீஸில் நாலு வருஷம் என் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவன். வேலை போனால் போகட்டும்... போகட்டுமா? இவனால் போகக் கூடாது.

அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை, மீன்படகு எங்கே நிற்கிறது என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கரைக்குச் சொல்லும் பெட்டி, சொல்லி முடித்ததும் உள்ளே இருக்கும் சிப் தூங்க வேண்டும், அதை ஓட்டும் வேகமான கிளாக் துடிப்பு நிற்க வேண்டும், வாட்ச்சில் இருப்பது போன்ற சின்ன கிரிஸ்டல் மட்டும் ஓடி மறுபடி எழுப்பும், அப்படியானால் பேட்டரி மூன்று நாள் வரும். எழுந்தவுடன் அந்த வேகமான கிளாக் நிதானத்துக்கு வர ஒரு கணம் ஆகும், அதற்குள் அனுப்பினால் முதல் எழுத்துகள் கன்னாபின்னாவென்று போகும். காத்திருக்கச் சொல்லி நாலு வரி எழுதியிருக்கலாம், சோம்பேறி, கிளாக்கை நிறுத்தவே வேண்டாம் என்று விட்டுவிட்டான். மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது கேபிள் வழியாகவே கரண்ட் போவதால் பேட்டரி தீர்வது யாருக்கும் தெரியாது. நீலமேகத்துக்குத் தெரிந்தது, மாமல்லபுரத்திலிருந்து விடியலில் படகு எடுத்தவருக்கு, இன்ஜின் நின்று, மறுநாள் மதியம் வேறு படகு கண்ணில் படும்வரை கடலில் மிதந்தவருக்கு. போனில் திட்டக்கூட இல்லை அவர். "பொழுது சாயறதுக்குள்ளயே அணைஞ்சி போச்சும்மா. இன்னா பண்றது, நீ மூணு நாள் வரும்னு சொன்னியேன்னு அத்தயே பாத்துகினு உக்காந்திருந்தேன்."

அத்தயே பாத்துகினு... மறைமலைநகர் தாண்டிவிட்டது. இந்தப் பிரிண்ட்டை மேனேஜர் முன்னால் போட்டால் தேவேந்திரன் முகம் எப்படிப் போகும், பார்க்க வேண்டும். ஆனால் அவர் அடுத்துக் கேட்பது பேட்டரி டெஸ்ட் தாளைத்தான். கேபிளைக் கழற்றிப் பெட்டியை மொட்டை மாடியில் மூன்று நாள் வைக்க வேண்டும், செய்தவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. பார்த்தவர், நான். எதைப் பார்த்தேன்? "முடிச்சிட்டேன் ரத்னா, போட்டுடு" என்றான், போட்டேன். நான் போடுவேன் என்று தெரிந்தே நீட்டியிருக்கிறான், வரியை மாற்றியதைக்கூட விட்டுவிடலாம், இதை முடியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வழக்கம், அவன் தாளில் நான், என் தாளில் அவன், எல்லாம் ஒரே ஃபைலில் வரிசையாக இருக்கும், இந்தத் தாளுக்கு முந்தைய தாள்... பிப்ரவரி, நான் செய்த டெஸ்ட். மழை வரும்போல இருந்தது என்று இரண்டாம் நாளே பெட்டியை இறக்கிவிட்டு மூன்று நாள் என்று எழுதினேன். தேவேந்திரன் பக்கத்து மேஜையில்தான் இருந்தான். நான் இறக்கி வந்ததைப் பார்த்தான், தாளை வாங்கினான், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்று எவ்வளவு நல்லவனாகத் தெரிந்தான் எனக்கு.