பதினெட்டுப் பேர் உட்காரும் மேசை

பெரிய வீட்டை விட்டு வெளியேறியபோது அந்தக் குடும்பம் விற்காமல் கொண்டுவந்த ஒரே பொருள் சாப்பாட்டு மேசை. பதினெட்டுப் பேர் உட்காரலாம். சைக்கிள் கடைக்கு மேலே பிடித்த வாடகை அறைக்குள் அதை நுழைப்பதற்கு ஜன்னல் சட்டத்தையே கழற்ற வேண்டியிருந்தது. நுழைந்த பிறகு அறை என்று எதுவும் மிஞ்சவில்லை. மேசையும், சுற்றிலும் ஒரு ஆள் பக்கவாட்டில் நகரும் அளவுக்குச் சந்தும்தான். அடுப்படிக்குப் போக மேசைமேல் ஏறி அந்தப் பக்கம் குதிப்பதே குறுக்கு வழி. அம்மாவின் முழங்கால் எப்போதும் கன்றிப்போய் இருக்கும்.

தாத்தா குடைத் தொழிற்சாலை வைத்திருந்தவர். அப்பா பொறுப்பேற்ற நேரம் பார்த்து வானம் கையை விரித்துவிட்டது. வருடக்கணக்கில் மழையே இல்லை. குடை முதலாளி இப்போது சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "படம் ஓசியில பாக்கலாமே" என்பார்.

வருத்தம் முழுவதையும் மகள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக வெளியேறியவளுக்குப் பெரிய வீட்டில் ஒரு ஜன்னல்கூட நினைவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் யாராவது பென்சில் கேட்டால் கையில் இருக்கும் ஒன்றையும் கொடுத்துவிட்டு, "வச்சுக்கோ, எங்க வீட்டுல பெட்டி பெட்டியா கெடக்கு" என்பாள். அன்று முழுக்க எதுவும் எழுத மாட்டாள். சைக்கிள் கடைக்காரர் அவளுக்குத் துரைசானி என்று பெயர் வைத்தார். கேலி என்று அவளுக்குப் புரியவில்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் லேசாக அசைப்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கடை வாசலில் கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த துரைசானிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறங்கியவர், பெரிய வீட்டை விலைக்கு வாங்கியவர் என்று அப்பா முன்பு தெருவில் காட்டியிருந்த அம்மா. வீட்டில் அவளைப் பெற்ற அம்மா இல்லை, வேலைக்குப் போயிருந்தாள். அப்பாவோ ஓட்டைப் பனியனோடு அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சீக்கிரம் ஒளிஞ்சுக்குங்க."

"எதுக்கும்மா?"

"பனியன்ல இவ்ளோ பெரிய ஓட்டை. குடும்ப மானமே அது வழியா வெளிய வந்துரும்."

மகளிடம் வாதாடி ஜெயித்த அனுபவம் அவருக்கு இல்லை. சோப்புக் கையோடு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

துரைசானி தன் அம்மாவின் துப்பட்டாவைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"யாரு வேணும்? நான் வாட்ச்மேன்."

வந்த அம்மா கொஞ்சம் திகைத்தார். "ஐயாவைப் பாக்கணும்."

"ஐயா வெளிநாடு போயிருக்காரு. உட்காருங்க, சமையக்காரம்மாவ அனுப்புறேன்."

மேசைமேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டில் பிஸ்கட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்து, மறுபடி ஏறிக் குதித்து வந்தாள்.

"சமையக்காரம்மாவா?"

"ஆமாங்க."

"வாட்ச்மேன் மாதிரியே இருக்கீங்களே."

"நாங்க எல்லா ஆளையும் ஒரே ஊர்லேருந்துதான் எடுக்குறது."

வந்த அம்மா முகத்தை மாற்றாமல் தண்ணீரைக் குடித்தார். அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

"நாய்," என்றாள் துரைசானி.

"எங்க வீட்டுலயும் நாய் இருக்கு. ஆனா அது இப்படித் தும்மாது."

"இது உசந்த ரகம்."

"பயப்படுதோ என்னமோ, பாவம்" என்று சொல்லி அந்த அம்மா ஒரு பிஸ்கட்டை மேசைக்கு அடியில் நீட்டினார். வெளியே வந்தது ஒரு மனிதக் கை. நுரை காய்ந்த விரல்களால் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பா நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்.

"ரொம்ப நன்றிங்க," என்றது நாய்.

துரைசானி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். வந்த அம்மா இன்னொரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். "நல்லா வளத்திருக்கீங்க," என்றார்.

அப்பா வெளியே வந்து, கையால் ஓட்டையை மறைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். வந்த அம்மாவும் விஷயத்துக்கு வந்தார். பெரிய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் என்ன மேசை போட்டாலும் பொம்மை மாதிரித் தெரிகிறது. பழைய மேசையே வேண்டும், என்ன விலை என்றாலும் சரி.

"தாராளமா," என்று அப்பா வாயைத் திறப்பதற்குள் துரைசானி மேசைமேல் ஏறி நின்றுவிட்டாள்.

"முடியாது! இப்ப நாம ஏழையாயிட்ட பணக்காரங்க. மேசையும் போயிட்டா வெறும் ஏழைங்க!"

வந்த அம்மா யோசித்துவிட்டு, "வாஸ்தவந்தான்" என்றார்.

ஆனாலும் அந்த அம்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாளே தச்சரை அழைத்துவந்தார். தச்சர் மேசையையும் மாடிப்படியையும் அளந்தார். ஜன்னலுக்கு வீட்டுக்காரர் பிறகு அடித்த இரும்புக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். "முழுசா வெளிய போகாது. நடுவுல அறுத்தாத்தான் உண்டு."

"எனக்கு ஒரு பாதி போதும்," என்றார் அந்த அம்மா. "சுவரோட ஒட்டிப் போட்டு, சுவர்ல பெரிய கண்ணாடி மாட்டிட்டா முழுசாத் தெரியும்."

துரைசானி நகத்தைக் கடித்தபடி கணக்குப் போட்டாள். ஒன்பது பேர் உட்காரும் மேசைகூட இந்தத் தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

"சரி. ஆனா விக்க மாட்டோம். அன்பளிப்பாத் தர்றோம்."

அப்பாவும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டார். தச்சர் அன்றே மேசையை அறுத்து ஒரு பாதியைக் கீழே இறக்கினார். அப்போது அம்மா ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மாலையில் திரும்பியவள், காசு வாங்காமல் கொடுத்தது தெரிந்ததும் அப்பாவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கீழே சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேசி முடித்துத் திரும்பியபோதுதான் அம்மா அறையைப் பார்த்தாள். அவர்களுடைய பாதி, அறுபட்ட பக்கம் சுவரில் அடித்த கட்டைமேல் தாங்கி நின்றது. மீதி இடம் வெறும் தரை. மரத்தூள்கூட இன்னும் கூட்டவில்லை. அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். நடுத்தரையில் மெல்ல உட்கார்ந்தாள், படுத்தாள், கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை. சமைக்க எழுந்திருக்கும் எண்ணமே அவளுக்கு வரவில்லை.

துரைசானி கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றாள். பிறகு போய் அம்மா பக்கத்தில் படுத்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் தூங்கியதெல்லாம் மேசைக்கு அடியில்தான். படுத்தால் தெரிவது மரப்பலகை.

"அம்மா, அது என்ன, வெள்ளையா, மேல?"

"கூரைடி."

"நம்மளோடதா?"

"வீட்டுக்காரரோடது."

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயரமா இருக்கு," என்றாள்.